ஓட்டோவுக்கு லைற் பூட்ட முதல் வயரைப் பாருங்கள்

பரந்தன் சந்தியிலோ புதுக்குடியிருப்புச் சந்தியிலோ பொழுதுபட்ட பிறகு நின்று பார்த்தால், கொம்பனி பூட்டிவிட்ட லைற்றோடு மட்டும் நிற்கும் ஓட்டோ குறைவு. முன்னுக்கு மேலதிகமாக இரண்டு லைற், கைபிடிக்குப் பக்கத்தில் தொலைபேசி சார்ஜர், பின்சீற்றுக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டி, சிலவற்றில் சோடி ஹோன். இதையெல்லாம் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இரவில் ஓடியவர்களுக்கு, இருட்டில் வீதியின் நடுவே படுத்திருக்கும் மாட்டைக் கடைசி நேரத்தில் காண்பது எப்படியிருக்கும் என்று தெரியும். யானை கடக்கும் இடங்களும் உண்டு. வெளிச்சம் அங்கே உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம்.

ஆனால் இவற்றைப் பூட்டும்போது எல்லோரும் விலை பேசுவது லைற்றுக்கும் ஸ்பீக்கருக்கும்தான். அவற்றைப் பற்றறியோடு இணைக்கும் வயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "வயர்தானே, இருக்கிறதைப் போட்டுவிடுங்கோ அண்ணை" என்பதோடு கதை முடிந்துவிடும். இந்தக் கட்டுரைக்காகக் கிளிநொச்சியில் ஓட்டோக்களுக்கு மின்வேலை செய்யும் ஒரு கராச்சில் சில பின்னேரங்கள் இருந்தேன். அங்கே ஒரு மூலையில், வாகனங்களிலிருந்து கழற்றிய வயர்க்கட்டுகள் குவிந்து கிடந்தன. மேலுறை இளகி ஒன்றோடொன்று ஒட்டியவை, கருகி உள்ளே செம்பு பச்சை பூத்தவை. பெரும்பாலானவற்றில் பழுது லைற்றில் இருக்கவில்லை. லைற்றுக்குப் போன வயர் அதற்குப் போதாததாக இருந்தது.

போருக்குப் பிறகு எங்கள் பகுதிகளில் எத்தனையோ குடும்பங்கள் மீண்டும் எழுந்து நின்றது ஒரு ஓட்டோவின் மேல்தான். நகையை விற்று, வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் அனுப்பிய காசைப் போட்டு, மிச்சத்தை லீசிங்கில் எடுத்து வாங்கிய வாகனம் அது. அது எரிந்தால் உழைப்பு அன்றோடு நிற்கும், ஆனால் மாதத் தவணை நிற்காது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு விலைகள் ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், போன வாகனத்துக்குப் பதிலாக இன்னொன்று வாங்குவது நாளாந்தம் உழைத்துச் சாப்பிடும் ஒருவருக்கு இலகுவான காரியம் இல்லை. அதனால்தான் சில மீற்றர் வயரைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை எழுதலாம் என்று நினைத்தேன்.

அந்தக் காலத்து வயர், இந்தக் காலத்து லைற்

"எந்த வயரும் சரி" என்ற பழக்கம் சோம்பலில் வந்தது அல்ல. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பிறகு வடக்கின் மீது பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, ரேடியோவுக்குப் பற்றறி இல்லை. ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டோம். 2002 சமாதான காலத்தில் தடைகள் தளரும் வரை, கையில் கிடைத்த எதையும் எறியாமல் பாவிப்பது ஒரு திறமையாக இருந்தது. பழைய தொலைபேசி வயரும் அப்படித்தான் பயன்பட்டது. அது வேலையும் செய்தது.

ஏன் வேலை செய்தது என்பதில்தான் இன்றைய பிரச்சினையின் விடை இருக்கிறது. சைக்கிள் டைனமோ பொதுவாக 6 வோல்ற், 3 வாற். வாற்றை வோல்ற்றால் பிரித்தால் அம்பியர் வரும். ஆக அந்த வயரில் ஓடியது அரை அம்பியர் மட்டுமே. அரை மில்லிமீற்றர் விட்டமுள்ள தொலைபேசிக் கம்பிக்கு அது ஒரு சுமையே இல்லை.

இன்று ஓட்டோவுக்குப் பூட்டும் 55 வாற் ஹலஜன் லைற் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 110 வாற். 12 வோல்ற்றால் பிரித்தால் 9.2 அம்பியர். டைனமோவில் ஓடியதைவிட 18 மடங்கு. ஆனால் வயர் சூடாவது 18 மடங்கு அல்ல. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம்: கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 18 ஐ 18 ஆல் பெருக்குங்கள். முன்னூறு மடங்குக்கு மேல். அன்று குளிர்ந்து கிடந்த அதே கம்பியில் இன்று மீற்றருக்கு 7 வாற்றுக்கு மேல் வெப்பம் பிறக்கும். கை வைக்க முடியாது.

தடைக்காலத்தில் எங்களைக் காப்பாற்றிய பழக்கமே இன்று வாகனத்தை எரிக்கிறது. பழக்கத்தில் பிழையில்லை. கம்பிக்குள் ஓடும் மின்னோட்டம் மாறிவிட்டது.

இரண்டு விதமாக வயர் தோற்கும்

வயர் மெல்லியதாக இருந்தால் இரண்டு இழப்புகள். ஒன்று, மேலே சொன்ன வெப்பம். மற்றது, போகும் வழியிலேயே வோல்ற் குறைவது. தண்ணீர் இறைக்கும் குழாயை நினையுங்கள். குழாய் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் தோட்டத்துக் கடைசிப் பாத்திக்குப் போகும்போது தண்ணீருக்கு விசை இருக்காது. வயரும் அப்படியே.

கணக்கில் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியின் தடை மீற்றருக்கு ஏறத்தாழ 0.0175 ஓம். பற்றறியிலிருந்து முன்லைற் வரை வயர் வளைந்து போகும் வழி 3 மீற்றர் என்று வைப்போம். மின்சாரம் போய்த் திரும்பி வரவேண்டும். எனவே கணக்கு 6 மீற்றருக்கு. கடையில் மலிவாகக் கிடைக்கும் அரைச் சதுர மில்லிமீற்றர் வயரைப் போட்டால் தடை 0.21 ஓம். 9.2 அம்பியர் ஓடும்போது 1.9 வோல்ற் வயரிலேயே போய்விடும். லைற்றுக்குக் கிடைப்பது 10 வோல்ற் சொச்சம்.

இரண்டு வோல்ற்தானே என்று நினைக்க வேண்டாம். ஹலஜன் பல்ப்பில் வோல்ற் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 வீதம் குறையும். எங்கள் கணக்கில் குறைந்தது 16 வீதம். காசு கொடுத்து வாங்கிய வெளிச்சத்தில் பாதிக்குக் கிட்ட வழியிலேயே போய், வயரைச் சூடாக்குகிறது. "இந்த லைற் சரியில்லை, இன்னும் கூடிய வாற்றில் போடுங்கோ" என்று திரும்பவும் கராச்சுக்கு வருபவர்கள், அதே வயரில் இன்னும் கூடிய மின்னோட்டத்தை ஏற்றுகிறார்கள். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது போலத்தான் இது.

மனதில் வைக்க ஒரு கணக்கு

சரியான வயரைத் தெரிவுசெய்ய மூன்று விடயங்கள் தெரிந்தால் போதும்: எத்தனை அம்பியர், எத்தனை மீற்றர், எவ்வளவு வோல்ற் இழப்பைத் தாங்கலாம். 12 வோல்ற் வாகனத்தில் அரை வோல்ற்றுக்கு மேல் இழக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டால், கணக்கு மிக இலகுவாகிவிடும்.

பற்றறியிலிருந்து சாமான் வரை ஒருவழி நீளத்தை மீற்றரில் எடுங்கள். அதை அம்பியரால் பெருக்குங்கள். வருவதை 7 ஆல் பெருக்கி 100 ஆல் பிரியுங்கள். கிடைப்பதுதான் தேவையான செம்பின் அளவு, சதுர மில்லிமீற்றரில். போய்வரும் இரண்டு வழியும் இந்த 7 க்குள் அடங்கியிருக்கிறது. விடைக்கு மேலே உள்ள அடுத்த அளவு வயரை வாங்க வேண்டும், கீழே உள்ளதை அல்ல.

இரண்டு 55 வாற் லைற், 3 மீற்றர்: 3 × 9.2 × 7 ÷ 100 = 1.93. கடையில் கேட்க வேண்டியது 2.5 சதுர மில்லிமீற்றர்.

தொலைபேசி சார்ஜர், இரண்டு போன் போடக்கூடியது, 2.5 அம்பியர், 2.5 மீற்றர்: விடை 0.44. அரைச் சதுர மில்லிமீற்றரே கணக்குக்குப் போதும். ஆனால் மெல்லிய வயர் குலுக்கத்தில் முறியும் என்பதால் 0.75 போடுவது நல்லது.

அம்பிளிபயர், 20 அம்பியர், 2 மீற்றர்: விடை 2.8. எனவே 4 சதுர மில்லிமீற்றர். அம்பிளிபயர் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெரிய வாற் எண்ணை நம்பிக் கணக்குப் பார்க்க வேண்டாம். அதன் பின்பக்கத்தில் குத்தியிருக்கும் பியூஸின் எண்ணைப் பாருங்கள். அதுதான் அது இழுக்கக்கூடிய மின்னோட்டத்தைச் சொல்லும்.

பஸ், லொறி போன்ற 24 வோல்ற் வாகனங்களில் ஒரு வோல்ற் இழப்பை அனுமதிக்கலாம். அங்கே 7 க்குப் பதில் 3.5 ஆல் பெருக்கினால் சரி. அதே வாற்றுக்கு அம்பியரும் பாதிதான்.

வோல்ற் கணக்கோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீளம் மிகக் குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு மெல்லிய வயரைக் காட்டும். ஆனால் வெப்பத்தைத் தாங்கவும் வேண்டும். வயர்கள் கட்டாகச் சேர்ந்து, எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் போகும் வாகனத்தில் பயப்படாமல் வைத்துக்கொள்ளக்கூடிய எல்லைகள் இவை: 0.5 சதுர மில்லிமீற்றருக்கு 5 அம்பியர், 1 க்கு 10, 1.5 க்கு 15, 2.5 க்கு 20, 4 க்கு 30. இரண்டு கணக்கிலும் எது தடித்த வயரைக் காட்டுகிறதோ அதையே எடுங்கள்.

கடையில் என்ன கேட்பது?

வயர்ச் சுருளில் 16/0.20 என்று இருந்தால், 0.20 மில்லிமீற்றர் விட்டமுள்ள 16 இழைகள் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, அதை 0.785 ஆலும், பிறகு இழைகளின் எண்ணிக்கையாலும் பெருக்கினால் அளவு கிடைக்கும். 16/0.20 என்பது அரைச் சதுர மில்லிமீற்றர். 32/0.20 என்றால் ஒன்று. 30/0.25 ஏறத்தாழ 1.5. 50/0.25 ஏறத்தாழ 2.5.

வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67 வயரும் கணக்கில் 2.5 தான் வரும். வீடு கட்டிய மிச்சம் கிடக்கிறது என்று அதை ஓட்டோவில் போடுபவர்கள் இருக்கிறார்கள். செம்பு காணும். ஆனால் ஏழே ஏழு தடித்த இழைகள். சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்தது அது. கிரவல் வீதியில் நாள் முழுவதும் குலுங்கும்போது முனைகளில் இழை இழையாக முறியும். ஏழில் நான்கு முறிந்தால் மிச்சம் மூன்றில் முழு மின்னோட்டமும் ஓடி அந்த இடம் மட்டும் கொதிக்கும். வாகனத்துக்கு மெல்லிய இழைகள் பல உள்ள நெகிழும் வயர்தான் வேண்டும்.

அமெரிக்க கேஜ் எண் போட்ட வயர்களும் வருகின்றன. அதில் எண் கூடினால் வயர் மெல்லியது. 18 கேஜ் ஏறத்தாழ 0.8 சதுர மில்லிமீற்றர், 14 கேஜ் ஏறத்தாழ 2. "18 பெரிசுதானே" என்று வாங்கி ஏமாற வேண்டாம்.

இன்னொரு ஏமாற்று, வெளியே செம்பு பூசி உள்ளே அலுமினியமாக இருக்கும் வயர். மலிவான ஸ்பீக்கர் வயர்களிலும் அம்பிளிபயர் செற்றுகளிலும் இது அதிகம். அதே தடிப்பில் செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தடை. கையில் எடுத்தால் பாரம் குறைவாக இருக்கும். ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டினால் செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கடையில் நின்றே பார்க்கலாம். மேலுறையின் தடிப்பைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. றபர் தடிப்பாகவும் செம்பு மயிர் போலவும் இருக்கும் வயர்கள் உண்டு.

பியூஸ் யாரைக் காப்பாற்றுகிறது?

கராச்சில் இருந்த நாட்களில் நான் கவனித்த பொதுவான தவறான எண்ணம், பியூஸ் லைற்றைக் காப்பாற்றுகிறது என்பது. பியூஸ் காப்பாற்றுவது வயரை. மெல்லிய வயர் போட்டவுடனேயே வாகனம் எரிந்துவிடுவதில்லை. வயர் நாளுக்கு நாள் சூடாகும். மேலுறை இளகும். இரும்புச் சட்டத்தின் விளிம்பில் உரசும். ஒருநாள் செம்பு இரும்பில் முட்டும். அந்த நொடியில் பற்றறி நூற்றுக்கணக்கான அம்பியரைத் தள்ளும். பியூஸ் இருந்தால் அது போய், கதை அதோடு முடியும். இல்லாவிட்டால் வயரே பியூஸாகி எரியும். பக்கத்தில் பெற்றோல் குழாய் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பியூஸ் பற்றறிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைற்றுக்குப் பக்கத்தில் பூட்டினால், பற்றறியிலிருந்து அதுவரை போகும் வயருக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அளவு, சாமான் இழுக்கும் அம்பியரைவிடக் கால்வாசி கூடவும், வயரின் எல்லைக்குள்ளும் இருக்க வேண்டும். எங்கள் இரண்டு லைற்றுக்கு 9.2 இன் கால்வாசி கூட்டினால் 11.5. எனவே 15 அம்பியர் பியூஸ், 20 தாங்கும் 2.5 வயர். தகட்டுப் பியூஸ்களில் நிறமே அளவைச் சொல்லும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அது ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அதற்குப் பதிலாகச் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைப்பது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்குச் சமம்.

ரிலேயும் எர்த்தும்

மேலதிக லைற்றை ஏற்கனவே உள்ள முன்லைற் வயரில் கொழுவிவிடுவது இன்னொரு வழக்கம். அந்த வயரும் சுவிச்சும் கொம்பனி பூட்டிய பல்ப்புக்காக மட்டும் செய்யப்பட்டவை. ரிலே ஒன்று போட்டால், சுவிச்சின் வழியே ஓடுவது ரிலேயை இயக்கும் கால் அம்பியருக்கும் குறைந்த மின்னோட்டம் மட்டும். பெரிய மின்னோட்டம் பற்றறியிலிருந்து தடித்த வயரில் நேராக லைற்றுக்குப் போகும். ரிலேயின் அடியில் உள்ள எண்களில் 30 பற்றறிக்கு, பியூஸின் ஊடாக. 87 லைற்றுக்கு. 85, 86 ஆகிய இரண்டும் சுவிச்சுக்கும் எர்த்துக்கும்.

திரும்பி வரும் வழியை மறந்துவிடுகிறோம். போகும் வயர் 2.5 ஆக இருந்து, எர்த் வயர் அரை மில்லிமீற்றராக இருந்தால் எல்லாம் வீண். எர்த்தும் அதே அளவில் இருக்க வேண்டும். சட்டத்தில் பூட்டும் இடத்தில் பெயின்ரையும் துருவையும் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு நட்டை இறுக்குங்கள். கடற்காற்று அடிக்கும் குடாநாட்டிலும் முல்லைத்தீவிலும் இந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். வயரை வயரோடு முறுக்கி ரேப் சுற்றுவதற்குப் பதிலாக, அளவான லக் போட்டு நசுக்கி இறுக்குவது நல்லது. இரும்பைத் துளைத்துப் போகும் இடங்களில் ஒரு றபர் வளையம் போட மறக்க வேண்டாம்.

ஏற்கனவே பூட்டியவர்களுக்கு

லைற்றைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து வயரைக் கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூட்டுக்கு மேல் இருந்தால் அது போதாத வயர். ஓரிடம் மட்டும் சுட்டால் அந்த இணைப்பில் பிழை. மல்ரிமீற்றர் இருந்தால் இன்னும் சுலபம். லைற் எரியும்போதே பற்றறி முனைகளில் ஒருதடவையும் லைற்றின் முனைகளில் ஒருதடவையும் வோல்ற் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ற்றுக்கு மேல் இருந்தால் வயரையோ எர்த்தையோ மாற்ற வேண்டும். லைற்றை அணைத்துவிட்டுப் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது. மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை.

எல்லாவற்றையும்விட மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. 110 வாற் ஹலஜனுக்குப் பதிலாக 36 வாற் எல்ஈடி லைற் போட்டால் ஓடுவது 3 அம்பியர்தான். 3 மீற்றருக்குக் கணக்கு 0.63. ஒரு சதுர மில்லிமீற்றர் வயரே தாராளம். ஓட்டோவின் சார்ஜ் செய்யும் பகுதிக்கும் ஒரு எல்லை இருப்பதால் பற்றறியும் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் எதிரே வருபவரின் கண்ணைக் கூசாமல் கீழே சாய்த்துப் பூட்ட வேண்டும். இருட்டில் சைக்கிளில் வருபவரும் எங்கள் ஆட்தான்.

எங்கள் மெக்கானிக்குகளில் பலர் படித்துப் பட்டம் பெற்றவர்கள் இல்லை. ஒன்றும் கிடைக்காத காலத்தில் ஒன்றுமில்லாததிலிருந்து வேலை பழகியவர்கள். அவர்களுடைய கைத்திறமையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நல்ல வயர் போடட்டுமா என்று அவர்கள் கேட்டால், வேண்டாம் என்று சொல்வது பெரும்பாலும் நாங்கள்தான். மெல்லிய வயருக்கும் சரியான வயருக்கும் உள்ள விலை வித்தியாசம், வாகனம் ஒரு நாள் கராச்சில் நின்றால் இழக்கும் உழைப்பைவிடக் குறைவு. அடுத்த முறை எதையாவது பூட்டக் கொடுக்கும்போது மூன்றே மூன்றைக் கேளுங்கள்: இது எத்தனை அம்பியர் இழுக்கும், எந்த அளவு வயர் போடுகிறீர்கள், பியூஸை எங்கே வைக்கிறீர்கள்? மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு லைற்றின் விலையைப் பேசலாம்.